அண்ணன் ஏறிய கூண்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் உறவினர்கள் பலர் அட்டையைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். அண்ணன் அவர்களின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் படமும் இருக்கிறது. அச்சகத்தார் தவறு செய்யவில்லை. அவர் யார் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தேவகோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராக அண்ணன் பிறந்தார். தந்தையார் சீக்கிரமே தவறிவிட்டதால் பதினான்கு வயதில் உளி பிடித்தார். என்னையும் இரண்டு தங்கைகளையும் கரையேற்றியவர் அவரே. எண்பதுகளின் இறுதியில் குவைத் சென்று, ஃபஹாஹீலில் ஒரு தச்சுப் பட்டறையில் சேர்ந்தார். அண்டை நாட்டுப் படையெடுப்பு நடந்தபோது அங்கேயே மாட்டிக்கொண்டார். சில மாதம் கழித்து ஜோர்டான் வழியாக, உடுத்திய துணியோடு ஊர் வந்து சேர்ந்தார். பிள்ளை உயிரோடு வந்தானே என்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்தார்.

ஆனால் வந்தவர் பழைய அண்ணனாக இல்லை. சீருடை போட்டவர் யார் வந்தாலும் சாலையின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அறைக்கதவைச் சாத்தினால் எழுந்து போய்த் திறந்து வைப்பார். பின்னாளில் அஜ்மானில் நானும் அவரும் ஒரே ரூமில் இருந்தோம். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் லிஃப்டில் ஏறியதில்லை. ஆறாவது மாடி என்றாலும் கருவிப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுவார். வீட்டில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்றே பெயர். அப்படிச் சொல்லி அதிகம் கேலி செய்தவன் நான்.

குவைத்தில் நுழைந்த அதே ஆட்சியின் தலைவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிப்பதை அந்த ஆண்டுகளில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ரூமில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். அண்ணன் மட்டும், “அதை அமத்துங்கப்பா, தலை வலிக்குது” என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்.

விசாரணைக் காட்சிகளுக்கு மவுசு கூடியதும் அதையே நாடகமாக எடுக்கத் தொடங்கினார்கள். ரமலான் மாதத்துக்கான ஒரு அரபுத் தொடருக்காக அஜ்மானில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்கள். கற்பனையான ஒரு நாட்டில் ராணுவ ஆட்சி நடத்திய தளபதிகள் கடைசியில் கூண்டில் ஏறும் கதை. நீதிமன்றம் கட்டும் வேலை அண்ணனின் பட்டறைக்குக் கிடைத்தது. பலகை ஏற்றிப் போன வேனுக்கு நான்தான் டிரைவர். சாட்சிக் கூண்டின் கைப்பிடியை அண்ணன் இரண்டு நாள் இழைத்துக்கொண்டிருந்தார்.

“டிவியில இதெல்லாம் தெரியாதுண்ணே” என்றேன்.

“ஏறுறவனுக்குத் தெரியும்டா” என்றார்.

படப்பிடிப்பின் கடைசி வாரம், வெளிநாட்டுத் தொழிலாளியாக நடித்துச் சாட்சி சொல்ல வேண்டியவர் வரவில்லை. இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அண்ணனைக் கை காட்டினார். உதவியாளர் ஓடிவந்து, “பாய், உன் பாஷையில எதையாவது பேசு, வாய் அசைஞ்சா போதும்” என்று இந்தியில் சொன்னார். அண்ணன் கூச்சத்தோடு சிரித்தபடி கூண்டில் ஏறினார். கேமராவுக்குப் பின்னால் நின்று நானும் சிரித்தேன்.

எதிர்க்கூண்டில் தளபதி வேடம் போட்டவர் எழுந்து நின்றார். முழு ராணுவ உடை. அவர் அண்ணனை முறைத்தார், அவ்வளவுதான். அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. இழைத்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு நீதிபதி வேடக்காரரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

“ஐயா, நான் பட்டறையில அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருந்தேன். ரொட்டிப் பையைத் தூக்கிக் காட்டி, பின்வீட்டுக்கு இதைக் கொண்டுபோறவன் எவன்னு சிப்பாய்ங்க கேட்டாங்க. கொண்டுபோனவன் நான்தான். கூட வேலை பாத்த செல்லையா ஒரு தடவ அலமாரியப் பாத்தான். அப்புறம் அவன் நெஞ்சத் தட்டி, ‘அனா, அனா, நான்தான்’னு சொல்லிட்டான். இழுத்துட்டுப் போனாங்க. நான் வெளிய வரல, ஐயா. கதவுக்குப் பூட்டுகூட இல்ல. நான் வரல.”

எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் ‘கலாஸ்’, முடிந்தது என்று கத்திவிட்டு ஓடிவந்து அண்ணனின் நெற்றியில் முத்தமிட்டார். அந்தக் கிடங்கில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குக் கை எழவில்லை.

திரும்பும்போது வேனில் அண்ணன் மீதியையும் சொன்னார். பட்டறைக்குப் பின்வீட்டில் ஒரு குவைத்திக் குடும்பம் ஒளிந்திருந்தது. அவர்களுக்கு அண்ணன் தினமும் ரொட்டி கொண்டுபோனார். செல்லையா அவருடைய பட்டறைக் கூட்டாளி, பக்கத்து ஊர்க்காரர். இழுத்துக்கொண்டு போன செல்லையா திரும்பவே இல்லை. ஊர் வந்த அண்ணன், செல்லையாவின் மனைவியிடம், “பார்டர் கூட்டத்துல பிரிஞ்சிட்டோம், வந்துருவான்” என்று சொல்லிவிட்டார். அவரும் நம்பிக் காத்திருந்தார்.

“நானே ஆணி அடிச்ச கூண்டுடா. பொய்க் கூண்டுன்னு தெரியும். ஆனா ஏறுனதும் பொய் சொல்ல வாய் வரல” என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு இருவருக்கும் தூக்கம் போய்விட்டது. தொடர் வெளிவந்தால், குவைத்தில் அப்பாசியா பகுதியில் இருக்கும் நம் ஊர்க்காரர் யாராவது பார்த்து அந்த அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்து செத்தோம். ரமலான் வந்தது. அந்தக் காட்சியும் வந்தது. அண்ணனின் வாய் அசைந்தது, குரல் மட்டும் யாரோ ஒரு அரபுக்காரருடையது. “தப்பிச்சோம்ணே” என்றேன். அண்ணனைப் பார்த்தேன். தப்பித்தவர் முகம் போல அது இல்லை.

பிறகு சிறுநீரகம் பழுதாகி அண்ணன் ஊர் திரும்பினார். மதுரை மருத்துவமனையில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டவன் நீ மட்டுந்தான்டா. நீ போய்ச் செல்லையா வீட்டுல சொல்லு” என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பத்து மாதம் நான் போகவில்லை. இரண்டு முறை அந்த ஊர் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பினேன். யார் பயந்தாங்கொள்ளி என்று அப்போதுதான் தெரிந்தது.

போன மாதம் போய்விட்டேன். கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டுமாக செல்லையாவின் மனைவி வந்து கதவைத் திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும், இந்த மலர் வரப்போவதையும் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவரு அலமாரியப் பாத்தாராமா?”

“ஆமாக்கா. ஒரு தடவ.”

உள்ளே போய் ஒரு படத்தை எடுத்துவந்தார். “இதுக்கு இன்னும் மாலை போடல. உங்க பொஸ்தகத்துல போடுங்க” என்றார். அண்ணனுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் முந்தானையால் படத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அஜ்மான் ரூம் நண்பர்களுக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த அண்ணிக்கும், தங்கைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்லையா அவர்களின் மனைவிக்கு நன்றி என்று எழுதக் கூசுகிறது.

நினைவு நாளன்று வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் அவருக்கு இடம் விடுங்கள். முதல் மாலையை அவரே போடட்டும். அண்ணன் படத்துக்குப் போட அவருக்கு மனம் வராவிட்டால், தயவுசெய்து யாரும் காரணம் கேட்காதீர்கள்.