கிரேஸ் அக்கா வாசித்த பெயர்

நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது: ‘கிரேஸ் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ மாரடைப்பாம். வேங்கிக்கால் அலுவலகத்தில் நான் கையில் வைத்திருந்த மனுவைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒரு வரியும் ஏறவில்லை. அன்று பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டிருந்தார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக நடந்தே அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மாணவர் ஞாயிறு என்றால் நம் சபையில் அக்காதான். தேர்வுக்கு முன்பு பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுகளை பலிபீடத்தில் வைத்து ஜெபிப்பார். ஒருமுறை திருநீறு பூசிய இரண்டு பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு வந்து நின்றபோது யாரோ முணுமுணுத்தார்கள். “நெத்தியப் பாத்தா ஆண்டவர் மார்க்கு போடறாரு? கொண்டா கண்ணு, இப்படி வை” என்று வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

ரிசல்ட் வந்த பிறகு இன்னொரு மாணவர் ஞாயிறு. தேறியவர்களின் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களில் எழுதியிருப்பதை அக்கா மைக்கில் வாசிப்பார். பிள்ளை முன்னால் வரும், நான் கீபோர்டில் ஒரு வரி வாசிப்பேன், சபை கைதட்டும். கவர்களை வாங்கி அடுக்கித் தருவது என் வேலை.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். “ஷாலினி பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதற்காக” என்று அக்கா வாசித்தார். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஷாலினி எழுந்து வந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பிள்ளை வேறென்ன செய்யும்? அவள் இரண்டு பாடத்தில் ஃபெயிலாகியிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. “தப்பு என்னுதுங்க, நான்தான் தப்பா படிச்சிட்டேன். பரீட்சை எழுதுன எல்லாருமே வாங்க, பாஸு ஃபெயிலு கேக்கல” என்று அவள் கையைப் பிடித்தார். அதுவரை தெரியாதவர்களுக்கும் அப்போது தெரிந்துபோயிற்று. ஷாலினி கையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து அக்கா என்னிடம் அந்தக் கவரைக் காட்டினார். “இது எப்ப வந்துச்சு தம்பி?”

“தெரியலக்கா” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கவரை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு போதகரிடம் போய், “நான்தான் சரியா பாக்கலங்க ஐயா” என்றார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அடி அண்ணாமலையில் ஷாலினி வீட்டுக்குப் போனார். பைக்கில் கொண்டுபோய் விடுவது நான். அவள் கதவைத் திறந்ததே இல்லை. அக்கா வாசலில் நின்று ஒரு பாட்டு பாடிவிட்டுத் திரும்புவார். “தொறக்கலன்னா இன்னா? நான் பாடும்போது டிவி சத்தத்தக் கம்மி பண்றா, கவனிச்சியா?” என்று சிரிப்பார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

அடக்க ஆராதனைக்கு ஷாலினி வந்திருந்தாள். கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்: “எனக்கு கோவம்லாம் எப்பவோ போயிடுச்சுண்ணா. இவ்ளோ நாள் தொறக்கலயே, இப்பப் போய் எப்படித் தொறக்கறதுன்னு வெக்கமா இருந்துச்சு. தெரியாம படிச்சிட்டாங்க, அதுக்கு இத்தன வாரமா வந்து நிப்பாங்க?”

சொல்லிவிட வாயெடுத்தேன். போதகர் பாட்டுக்குச் சைகை காட்டினார். வாசித்தேன். பாட்டு முடிந்து பார்த்தபோது அவள் கூட்டத்தோடு வெளியே போயிருந்தாள்.

ஷாலினி, அக்கா எதையும் தப்பாகப் படிக்கவில்லை. கவரில் இருந்ததைத்தான் படித்தார். தேர்வுக்கு முன்பே உன் அம்மா, “பாஸாயிடுவான்னு விசுவாசத்துல இப்பவே எழுதிட்டேன் தம்பி, இன்னிக்கே காணிக்கைத் தட்டுல போட்டுடு” என்று அதை என்னிடம் கொடுத்தார். மறந்து கீபோர்டு பையிலேயே வைத்துவிட்டேன். ரிசல்ட்டுக்குப் பிறகு கண்ணில் பட்டதும் யாரையும் கேட்காமல் மற்ற கவர்களோடு சேர்த்து அடுக்கினேன்.

அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை வாரம் என் பின்னால் உட்கார்ந்து வந்தவர், ஒரு தடவைகூட கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ, அதுவும் தெரியவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் கேட்காமை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை அக்கா.