கோடு கோடாகத் தெரிந்த இரண்டு தாய்மாமன்கள்

ஃப்ளெக்ஸ் ரோலைப் பிரித்ததும் குப்பென்று ஒரு வாசனை வருமே... பெயின்ட்டும் புது ரெக்ஸினும் கலந்த மாதிரி. மதுரையில் பிரின்ட் ஆகி பஸ்ஸில் வரும் ரோலை, ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த பேனர் கடையில் நான்தான் முதலில் பிரிப்பேன். தலைவலிக்கும். ஆனாலும் பிடிக்கும்.

அப்போது எனக்கு போட்டோஷாப் பைத்தியம். அதிலும் அந்த வாரம் புதிதாக ஒன்று கற்றிருந்தேன். எழுத்துக்குள் கண்ணாடிக் கோடுகள்!

சின்னதாக ஒரு ஃபைல் திறந்து, பாதியைக் கறுப்பாக நிரப்பி, மீதியை ட்ரான்ஸ்பரன்டாக விட்டு, பேட்டர்னாகச் சேமிக்க வேண்டும். அதை எழுத்தின் லேயர் மாஸ்க்கில், அதாவது எழுத்தை மறைக்கும் திரையில், ஊற்றினால் எழுத்து வரிவரியாக அறுபடும். அறுபட்ட இடமெல்லாம் பின்னால் இருப்பது தெரியும். கடைக்கு வந்தவர்களின் பெயரையெல்லாம் கோடு போட்டுக் காட்டி உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சாயல்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஞ்சவர்ணம் அக்கா வந்தார். மகளுக்குக் காதுகுத்து. மாரியூர்க் கோயிலில். பேனரில் தாய்மாமன் பெயர் பெரிதாக வர வேண்டும் என்றார்.

அது வழக்கம்தானே? ஆனால் அக்காவுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். மிளகாய்க் களத்தில் ஏதோ வாய்த்தகராறு. அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"அண்ணன் பேரு மேல இருந்தா தம்பி சீர் கொண்டுவர மாட்டேங்குறான். தம்பி பேரு மேல இருந்தா அண்ணன் கோயில் பக்கமே வரமாட்டேங்குது. மாமன் இல்லாம எம்புள்ளைக்கு எப்படித் தாயி காது குத்துறது?"

"பக்கத்துல பக்கத்துல போட்டுருவோமாக்கா?"

"படிக்கிறவுக இடப்பக்கத்துல இருந்துதான படிப்பாக? அங்கன யாரு பேரப் போடுவ?"

நியாயமான கேள்வி! அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

என் கோட்டுப் பைத்தியம் அங்கேதான் வேலை செய்தது.

அண்ணன் பெயரைக் கருப்பையா என்று சிவப்பில் அடித்துக் கோடுகளாக அறுத்தேன். அதே இடத்தில் தம்பி பெயரைக் காளிமுத்து என்று நீலத்தில் அடித்து, மாஸ்க்கைத் தலைகீழாக இன்வர்ட் செய்தேன். சிவப்பு இல்லாத இடத்தில் நீலம், நீலம் இல்லாத இடத்தில் சிவப்பு. மேலும் இல்லை, கீழும் இல்லை. இடமும் இல்லை, வலமும் இல்லை.

அக்கா மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணாவுல்ல இருக்காக! இதையே அடிச்சிரு. நீயும் வந்துரணும் தாயி."

போனேன். மாரியூரில் இறங்கி தூரத்திலிருந்து பேனரைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை! சிவப்பும் நீலமும் குழம்பி கத்திரிக்காய்க் கலரில் ஏதோ தெரிந்தது. நான் மானிட்டரில் ஒரு முழத் தூரத்தில் பார்த்த ஆள்... ஊர் சனம் ரோட்டில் நின்றல்லவா பார்க்கும்?

அண்ணன் ஒரு வேனில் சீரோடு வந்தார். தம்பி இன்னொரு வேனில். இருவரும் பேனரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏத்தா, எம்பேரு எங்க?" என்றார் அண்ணன்.

"எம்பேரையுந்தான் காணோம்" என்று தம்பி வேறு பக்கம் பார்த்துச் சொன்னார்.

இரண்டு வேனும் வந்த வழியே திரும்பிவிடுமோ என்று அக்கா முகம் வெளிறிப்போனது. நான் சீர்த்தட்டு வரிசைக்குப் பின்னால் பதுங்கினேன்.

அந்த நேரம் பார்த்துக் கடல் காற்று ஓங்கி அடித்தது. கயிறு அறுந்து பேனர் சுருண்டது. அண்ணன் ஓடிப்போய் ஒரு கம்பைப் பிடித்தார். மறுகம்பு சாய, யோசிக்காமல் தம்பி பிடித்தார்.

"ஏலே, இழுத்துப் புடிடா!"

"புடிச்சிட்டேண்ணே!"

கம்பைப் பிடித்தபடியே இருவரும் எட்டி, கிட்டத்தில் பார்த்தார்கள். அண்ணன் நீலக் கோடுகளை எழுத்துக் கூட்டினார்.

"கா... ளி... ஏலே, இது உம்பேருல்ல?"

"ஆமாண்ணே. செவப்புல இருக்கது ஒன்னோடது."

"எந்தக் கிறுக்குடா இப்படி அடிச்சது?"

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். அப்புறம் பாப்பா பெரிய மாமன் மடியில் உட்கார்ந்து அலற, சின்ன மாமன் அவள் வாயில் சர்க்கரை ஊட்ட, நல்லபடியாகக் காது குத்தியாயிற்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார்.

இப்போது ஃபோனிலேயே ஆப் இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் எந்த எழுத்திலும் கோடு விழுகிறது. பெயர்களும் பளிச்சென்று தெரிகின்றன. விசேஷப் பேனர்களை வீட்டில் இருந்தே ஸ்டேட்டஸில் பார்த்து ஹார்ட் போட்டுவிடுகிறோம். வசதிதான், குறை சொல்லவில்லை...

அதற்குப் பிறகு எத்தனையோ டிசைன் செய்துவிட்டேன். யாராலும் படிக்க முடியாமல் போனது அது ஒன்றுதான். எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.