பூட்டி வைத்த பந்து

1937-இல் பி.ஏ. முடித்து, போடியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வடுகபட்டியில் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் என்பதால், கடைவீதிக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போவேன். அந்தக் கோட்டின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்து வந்து விழுந்தது. ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் மதிலுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சாருக்கு ஆடத் தெரியுமா?" என்றார். கல்லூரியில் ஆடியிருப்பதாகச் சொன்னேன். அவர்தான் கிட்டங்கி முதலாளி சுந்தர்ராஜ்.

அன்று முதல் பள்ளி விட்டதும் அங்கேதான். கிட்டங்கி முற்றத்துக் களத்தில் காய்ந்த மிளகை அள்ளியபின், குறுக்கே கயிறு கட்டி ஆடுவோம். நான் போகாத நாளில் சுவரோடு ஆடுவார். முதலாளி சுவரை இடித்துவிட்டுத்தான் ஓய்வார் என்று எதிர்க்கடை பொன்னுராஜ் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரே ஆசை. எஸ்டேட் துரைமார் ஆடும் கிளப்பில் தானும் ஆட வேண்டும். தை மாதப் பந்தயத்தில் ஒரு செட் எடுத்தால் சேர்த்துக்கொள்வதாகச் செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மதுரையில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடியபோது இருவரும் போனோம். கூட்டமே பந்தோடு சேர்ந்து தலையைத் திருப்பியது. சுந்தர்ராஜ் தலை மட்டும் அசையவில்லை. ஓர் ஆட்டக்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பந்து வர்றதுக்கு முந்தியே அங்கன போய் நிக்கிறாக சார். நாமதான் போன பெறகு ஓடுறோம்" என்றார். மறுநாள் மட்டையே இல்லாமல் கால் எடுத்து வைப்பதை மட்டும் பழகினார். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பழகியதெல்லாம் கிளப்பில் கழித்துப்போட்ட மொட்டைப் பந்துகளில். புதுப்பந்து இரண்டு பெட்டி வாங்கி, கிறிஸ்துமஸ் துணியோடு பீரோவில் பூட்டி வைத்திருந்தார். இந்தத் தைக்கு ஒன்று, அடுத்த தைக்கு ஒன்று. எங்கள் வீட்டிலும் புதுசு எதுவானாலும் அப்படித்தான், ஆகவே எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

பந்தயத்தன்று ஒரு பெட்டியைத் திறந்தோம். முழங்காலுக்கு மேல் எழும்பாத பந்தையே அடித்துப் பழகியவருக்கு, நெஞ்சுக்கு எழும்பிய பந்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. சரியான இடத்தில்தான் போய் நின்றார். பந்து தோளைத் தாண்டிப் போயிற்று. ஒரு செட்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் காபி கொடுத்த அவர் மனைவி சொர்ணலதா, நான் நடந்ததைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "திருநாளுக்குச் சேலையைப் பூட்டி வைக்கலாம் சார். பந்தையுமா பூட்டி வைப்பாக?"

சுந்தர்ராஜ் பீரோ சாவியை எடுத்தார். அதை மனைவியிடமே கொடுத்து, மிச்சப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

அந்த வருஷம் முழுக்கப் புதுப்பந்துதான். தேயத்தேய மதுரையிலிருந்து வரவழைத்தார். அடுத்த தைப் பந்தயத்தில் எதிரே ஆடிய எஸ்டேட் மானேஜர் இரண்டு செட் எடுத்தார். நடுவில் ஒன்று சுந்தர்ராஜுக்கு. தோற்ற ஆட்டக்காரர் ஒருவர் அப்படிச் சிரித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. செயலாளர் அங்கேயே கைகொடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

நான் மாற்றலாகி உத்தமபாளையம் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. பள்ளி மணி அடித்தால் இப்போதும் கால் கிட்டங்கிப் பக்கம் திரும்பப் பார்க்கிறது. சுந்தர்ராஜ் போடியில்தான் இருக்கிறார். வியாபாரத்தை மகன் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் சாயங்காலம் கிளப்பில் ஆடுகிறார்.