காயை விட்டு ஆளை அடிப்பவர்கள்

கம்பெனியில் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததை ஒதுக்கி வைப்பதுதான் என் வேலை. தலைமுடி அளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேரம் போர்டுக்கு எதிரே வந்து உட்காரும் ஆட்களை ஒருநாளும் சரியாக அளந்ததில்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆயுத பூஜையை ஒட்டி கம்பெனியில் கேரம் போட்டி நடக்கும். போன வருஷப் போட்டியில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சும்மா விளையாட்டுதானே என்று உட்கார்ந்து வெலவெலத்துப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கட்டைவிரல்

முனிரத்னம் மெயின்டனன்ஸில் ஃபிட்டர். ராயக்கோட்டைக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். பயிற்சி ஆட்டத்தில் நான் வரிசையாக நாலு காயினைப் போட்டதும் வாயைப் பிளந்தான். "அண்ணா, அடிக்கும்போது கட்டைவிரலை எப்படிண்ணா அப்படி மடக்கி வெச்சுக்கறீங்க?" என்று பணிவாகக் கேட்டான்.

அதுவரை எனக்குக் கட்டைவிரல் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. குனிந்து பார்த்தேன். மடக்கினேன், நீட்டினேன், போர்டில் ஊன்றினேன். ஸ்ட்ரைக்கர் காயினைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. அன்று இரவு சாதம் பிசையும்போதுகூட விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பயந்துபோய், அடிபட்டுவிட்டதா என்று கேட்டாள். மறுநாள் அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சும்மா கத்துக்கலாம்னு கேட்டேண்ணா, நீங்க ஏன் அதையே பாத்துனு இருந்தீங்க?"

ஹல்லு நோடு

இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு எதிரே முனிரத்னம், அவனுக்கு ஜோடி மத்திகிரியிலிருந்து வரும் மஞ்சுநாத். இருவரும் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். பதினோரு வருஷத்தில் நான் கற்ற கன்னடம் பஸ் கண்டக்டரிடம் செல்லும், அதற்கு மேல் செல்லாது. நான் ஸ்ட்ரைக்கரை வைக்கும்போதெல்லாம் மஞ்சுநாத் என் முகத்தைப் பார்த்து, "ஹல்லு நோடு" என்பான். முனிரத்னம் சிரிப்பான். ஹல்லு என்றால் பல், நோடு என்றால் பார் என்று எனக்குத் தெரியும். என் முன்பல் ஒன்று கொஞ்சம் எடுப்பாக இருக்கும். வாயை இறுக மூடிக்கொண்டு, மூச்சு முட்ட ஆடித் தோற்றேன்.

ஆட்டம் முடிந்ததும் பொறுக்க முடியாமல், "என் பல்லு உங்களுக்குக் கேலியா?" என்று கத்திவிட்டேன். மஞ்சுநாத் பதறி எழுந்தான். குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு வாங்கப் போகிறானாம். பல்லைப் பார்த்து வாங்கு என்று அவன் அப்பா சொன்னதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களாம். அப்படியானால் என் முகத்தைப் பார்த்து ஏன் பேசினாய் என்றேன்.

"மாட்டைப் பத்தி உங்களைப் பாத்துப் பேசுனாதானே சார் நாங்க ஜெயிக்க முடியும்?"

மேரி அக்கா விசாரிப்பு

ஸ்டோர்ஸில் இருக்கும் மேரி அக்கா அதிர்ந்து பேசமாட்டார். ஒற்றையர் கால் இறுதியில் அவரோடு ஆட்டம். நான் ரெட்டைப் போட்டுவிட்டு, அதை உறுதிசெய்யும் அடுத்த காயினுக்குக் குறி வைத்திருந்தேன். "ஏன் தம்பி, கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்கு? முகம்கூட வீங்கின மாதிரி இருக்கே. பிரஷர் எப்பவாச்சும் பாத்தீங்களா?" என்றார். பெற்ற அம்மா கேட்கிற மாதிரியே கேட்டார். அந்தக் காயின் விழவில்லை, போட்ட ரெட் திரும்பப் போர்டுக்கு வந்தது. ஆனாலும் எப்படியோ தட்டுத்தடுமாறி ஜெயித்துவிட்டேன்.

மனசு கேட்காமல் கம்பெனி முதலுதவி அறைக்குப் போனேன். நர்ஸ் ஒருமுறை பிரஷர் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "நீங்க நடந்தா வந்தீங்க?" என்று கேட்டு, அங்கேயே படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எங்காவது சுருண்டு விழுந்திருப்பேன் என்றார் டாக்டர். மாத்திரையும் கையுமாக மறுநாள் வேலைக்கு வந்து மேரி அக்காவைக் கும்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"ஐயோ தம்பி, சத்தியமா நான் அந்த ரெட்டுக்காகத்தான் சொன்னேன்!"

நான் செய்தது

அரை இறுதியில் எனக்கு எதிராக முனிரத்னம். எல்லோரிடமும் அடிபட்டவன் அல்லவா, நானும் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். அவனுக்கு ஒரே ஒரு காயின் பாக்கி, அதுவும் குழியின் வாயிலேயே இருந்தது. "முனி, காலையில ஹெச்.ஆர்.ல உன் பேரைச் சொல்லிக் கேட்டாங்களே, போய்ப் பாத்தியா?" என்றேன்.

அவன் நாலு வருஷமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. அந்த வாரம்தான் அவனோடு சேர்ந்த மூன்று பேரை நிறுத்தியிருந்தார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னேன். ஸ்ட்ரைக்கர் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. எழுந்து வெளியே போய் போனை எடுத்தான். "விஜயதசமிக்குப் பாப்பாவை ஸ்கூல்ல சேக்கப் பணம் கட்ட இன்னிக்குப் போவாத. அப்பறம் பாத்துக்கலாம்" என்று மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பேசிக்கொண்டே அவன் ஹெச்.ஆர். பக்கம் நடந்தான்.

ஓடிப்போய் ஹெச்.ஆர். படிக்கட்டில் அவன் கையைப் பிடித்தேன். "யாரும் கேக்கலடா. ஆட்டத்துக்காக நானா சொன்ன பொய்" என்றேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் படியில் உட்கார்ந்தான். பிறகு மனைவியைத் திரும்ப அழைத்து, ஸ்கூலுக்குப் போகச் சொன்னான். ஆட்டத்தை உனக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவன் தலையாட்டி மறுத்தான். உள்ளே போய், தரையில் கிடந்த ஸ்ட்ரைக்கரைத் தேடி எடுத்து, அந்தக் கடைசிக் காயினைப் போட்டுவிட்டுத்தான் என்னைப் பார்த்தான்.

"ஆட்டத்துல என்ன வேணா பண்ணுங்கண்ணா, சோத்துல மட்டும் கை வெக்காதீங்க."

அடுத்தவன் மனசைக் குழப்பி ஜெயிக்கிற வித்தையில் நான் தேறியது இவ்வளவுதான்: ஆட்டத்திலும் தோற்றேன், அன்றைக்கு எனக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.