தையல்கார அம்மா அளந்த தண்ணீர்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தேனி அல்லிநகரத்தில் நடந்தது இது. நான் பிளம்பர். பத்தொன்பது வருஷமாக இதே வேலைதான்.

அந்த வீட்டில் மாடிக்கு மேலே இன்னொரு மாடி எடுத்தபோது பைப் வேலை முழுக்க நான்தான் பார்த்தேன். முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கீழ் வீட்டுப் பாத்ரூமில் நாற்றம் என்று கூப்பிட்டார்கள். அங்கே குடியிருந்தது தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு அம்மா. தரையில் தண்ணீர் வடிகிற ட்ராப்பின் மூடியைக் கழற்றினேன், கொஞ்சம் முடி வந்தது. முடியைப் போடாதீர்கள், ஃபினாயில் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரண்டாம் தடவையும் அதேதான். போதாததுக்கு வீட்டுக்காரரிடம், சுத்தமாக வைத்துக்கொண்டால் நாறாது என்று வேறு சொல்லி வைத்தேன். அவர் அந்த அம்மாவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் தடவை போனபோது அந்த அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மர ஸ்கேலை எடுத்து வந்து தரையில் இருக்கிற ட்ராப்புக்குள் நிறுத்தினார். இரண்டு இஞ்ச் தண்ணீர். மேல்மாடிக்குப் போன் போட்டு ஃப்ளஷ் பண்ணச் சொன்னார். கீழே களக் களக்கென்று சத்தம். மறுபடி ஸ்கேலை விட்டார். அரை இஞ்ச்தான் நனைந்திருந்தது.

"அடைச்சிருந்தா தண்ணி ஏறி நிக்கணும்லண்ணே? இங்கன இறங்கில்ல போகுது. நாலு நாளா அளந்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மேலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கினால் கூடவே காற்றும் குழாய்க்குள் போக வேண்டும். அதற்குத்தான் வென்ட் பைப். காற்று பத்தாவிட்டால் கீழே ட்ராப்பில் நிற்கிற தண்ணீரை இழுத்துவிடும். நாற்றத்தை மறிப்பதே அந்தத் தண்ணீர்தான். இரண்டு பாத்ரூமுக்குப் போட்ட இரண்டு இஞ்ச் வென்ட்டையே ஆறு பாத்ரூமுக்கும் நீட்டியிருந்தேன். வெளியே தெரியக்கூடாதென்று மூன்று எல்போ போட்டு வளைத்தும் விட்டிருந்தேன்.

நேராக வீட்டுக்காரரிடம் போனேன்.

"அவுக மேல தப்பில்லங்க. நான் போட்ட பைப்புதான் பத்தல" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நேரே கீழே இறங்கிப் போய், "மனசுல வச்சுக்காதீக. இங்கனயே இருங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னார்.

இரண்டு நாளில் மூன்று இஞ்ச் பைப்பை வெளிச்சுவரோடு நேராக மொட்டை மாடிக்கு மேலே ஏற்றினேன். அந்த அம்மா திரும்ப அளந்தார். தண்ணீர் அசையவில்லை. அப்போதுதான் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார், காபியும் போட்டுக் கொடுத்தார். இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார். என் மனைவியின் ஜாக்கெட்டெல்லாம் அவர் தைப்பதுதான்.

இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும், அங்கே புழங்குகிறவர் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன்; தப்பு என் கையிலும் இருக்கலாம் என்று முதலில் நினைக்கப் பழகியதால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை, நிம்மதியாகத்தான் இருக்கிறது.