ஜூலி முதுகைத் திருப்பினால்

வாசலில் நின்று அடுத்தவர் பையைத் திறக்கச் சொல்லும் வேலையில் இருப்பவரை, நல்லா இருங்க என்று வாழ்த்திவிட்டு உள்ளே போனவர் ஒருவரும் கிடையாது. சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர்களுக்கும், மில் கேட்டில் சோற்று வாளியைத் திறந்து பார்த்தவர்களுக்கும், கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் நின்றவர்களுக்கும் இது தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எங்களைத் திட்டியவர்களும் படிக்கலாம், தடையில்லை.

நான் நின்ற வாசல் திருத்தணியில், ஆடிக் கிருத்திகையை ஒட்டி மலை அடிவாரத்தில் போடும் பொருட்காட்சியின் வாசல். ராட்சத ராட்டினம், மரணக் கிணறு, கண்ணாடி மாளிகை, குழந்தைகள் ரயில் எல்லாம் உண்டு. நம் பக்கம் மதுவிலக்கு திரும்பவும் வந்திருந்த காலம் அது. வடக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் ஆந்திரா. அங்கே சாராயக் கடை. அங்கிருந்து ஊற்றிக்கொண்டு வந்து ராட்டினத்தில் ஏறிய ஒருவர், உச்சிக்குப் போனதும் எழுந்து நின்று ஆடி, கீழே வரும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பொருட்காட்சிக்கு அனுமதி கிடையாது என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள்.

முதலாளி ஆண்கள் வரிசையில் இரண்டு முரட்டு ஆட்களை நிறுத்திச் சோதனை போட்டார். ஆண்கள் எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். சாராயம் பெண்கள் வரிசையில் வந்தது. அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். என் பெயர் மார்த்தா. படிப்பு ஐந்தாவது வரை. எதையும் எண்ணினால் தப்பாது. ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் பேச வாய் வராது.

பூக்கூடை

முதல் நாள் எனக்கு, "பையைக் காட்டுங்க" என்ற இரண்டு வார்த்தை தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. பத்தொன்பது பேர் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். இருபதாவதாக ஓர் அம்மா பூக்கூடையோடு வந்தார். என் பின்னாலேயே வீட்டிலிருந்து வந்திருந்த எங்கள் ஜூலி, செவலை நிற நாட்டு நாய், அந்தக் கூடையை ஒரு தரம் பார்த்தது. பிறகு சட்டென்று உட்கார்ந்து அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

எனக்கு அந்த முதுகு தெரியும். என் வீட்டுக்காரர் அரக்கோணம் ரயில்வே யார்டில் மூட்டை தூக்குகிறவர். சம்பளக் கிழமையில் மட்டும் குடிப்பார். அன்று அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஜூலி இப்படித்தான் திரும்பி உட்காரும். மறுநாள் குளித்துவிட்டு வந்தால்தான் அவர் முகத்தைப் பார்க்கும். அந்த தைரியத்தில் கூடைக்குள் கையை விட்டேன். மல்லிகைப் பூவுக்கு அடியில் சைக்கிள் டியூப் பாம்பு மாதிரிச் சுருண்டிருந்தது. உள்ளே வழிய வழியச் சாராயம். அந்த அம்மா ஜூலியின் முதுகைப் பார்த்தார். "வாழ்க்கைப்பட்டு வந்து பதினஞ்சு வருஷமாச்சு. எங்க மாமியார்கூட என்னைப் பாத்து இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கினது இல்லைங்க" என்றார்.

மூன்று முழம்

முதலாளிக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பயமும் வந்துவிட்டது. எங்களிடம் வருகிற கூட்டத்தில் பாதி, மலையில் காவடி செலுத்திவிட்டு இறங்கி வருகிற கூட்டம். மஞ்சள் துணி, மொட்டைத் தலையில் சந்தனம், கழுத்தில் மாலை. விரதத்தில் இருப்பவர் மேல் நாயின் மூக்கு பட்டால் தீட்டு. மறுபடியும் குளத்தில் முழுகி எழ வேண்டும். "மார்த்தாம்மா, நாயி இருக்கட்டும். ஆனா பக்தருங்க மேல பட்டுச்சின்னு ஒரே ஒரு புகார் வந்தாலும் நாயும் நீயும் வெளிய" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. ஜூலி இல்லாமல் அந்த வாசலில் என்னால் நிற்கவே முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே ஒரு கோணிப்பையை மடித்துப் போட்டு, ஜூலி அதை விட்டு இறங்கக் கூடாது என்று பழக்கினேன். கோணிக்கும் வரிசைக் கயிற்றுக்கும் நடுவில் மூன்று முழம். ஆடிக் காற்று மலைப் பக்கமிருந்து வரும். அதனால் வரிசை மலைப் பக்கம், ஜூலி இந்தப் பக்கம். வாசனையை அதனிடம் கொண்டுவந்து சேர்ப்பது காற்றின் வேலை. வீட்டில் புளித்த மாவு, மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், வார்னிஷ் ஒவ்வொன்றிலும் துணியை நனைத்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். அவற்றுக்கெல்லாம் ஜூலி சும்மா இருந்தால் ஒரு பொறை ரொட்டி. சாராயத் துணிக்கு மட்டும் திரும்பினால் இன்னொரு பொறை. சாராயம் வாங்க எனக்குக் கூச்சம். அதனால் சம்பளக் கிழமையில் வீட்டுக்காரர் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் டப்பாவில் மூடி வைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஊர்ல பொம்பளைங்க குடிச்சவன் சட்டையை மூக்கைப் பொத்திக்கினு துவைப்பாளுங்க. நீ இன்னாடான்னா ஊறுகா மாரி மூடி வச்சிக்கினு இருக்கியே!" என்றார்.

எட்டு மாதம்

கிருத்திகைக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது ஒரு கர்ப்பிணி வந்தாள். கையை இடுப்பில் ஊன்றி, மெல்ல மெல்ல அடி வைத்து வந்தாள். வரிசையில் இருந்த எல்லோரும் வழி விட்டார்கள். "எத்தனை மாசம்மா?" என்று யாரோ கேட்க, "எட்டுங்க" என்றாள். ஜூலி அவளுக்கு முதுகைக் காட்டியது.

நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவா முடியும்? ஒருவேளை ஜூலி தப்பு செய்திருந்தால் அதுவும் ஒரு புகாராகிவிடும், முதலாளி அன்றே எங்களை வெளியே அனுப்பிவிடுவார். தலை குனிந்து தரையைப் பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் மண் நனைந்திருந்தது. சொட்டு புடவைக் கொசுவம் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காதோரம் போய், "அம்மா, உங்க குழந்தை ஒழுகுது" என்றேன். புடவைக்குள்ளிருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை வெளியே வந்தது. பின்னால் ஆண்கள் வரிசையில் இருந்து அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டு கத்தினான்: "மூடியை நல்லா திருகுடின்னு பஸ்சுலயே சொன்னனே, கேட்டியாடி!"

மொட்டைத் தலை பக்தர்

அதே நாள் சாயங்காலம் நான் பயந்த காரியம் நடந்தது. மொட்டையும் சந்தனமும் மஞ்சள் வேட்டியுமாக ஒரு பக்தர், கைக்குழந்தையை வைத்திருந்த மனைவியோடு பெண்கள் வரிசை ஓரமாக வந்தார். தோளில் ஒரு துணிப்பை. ஜூலி அவருக்கு முதுகைக் காட்டியது. "இருபத்தொரு நாள் விரதம் இருந்து காவடி எடுத்தவன் நானு. என்னைப் பாத்து நாயி திரும்பி உக்காருதா?" என்று அவர் போட்ட கூச்சலில் மரணக் கிணற்று மோட்டார் சைக்கிள் சத்தமே அடங்கிப் போனது. கூட்டம் கூடிவிட்டது. முதலாளியும் ஓடி வந்தார். "மேல பட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். "படலைங்க. மூணு முழம் இருக்குது, அளந்துக்கோங்க" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

பக்தரே பையைத் தலைகீழாகக் கொட்டினார். துண்டு, விபூதிப் பொட்டலம், குழந்தைச் சட்டை, கடைசியில் ஒரு பாட்டில். மூடியைத் திறந்ததும் எனக்கே அந்த வாசனை வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு வைத்தியர் கொடுத்த அரிஷ்டம். அதிலும் போதைச் சரக்கு கொஞ்சம் உண்டு என்று மருந்துக் கடையில் வேலை பார்த்த யாரோ கூட்டத்திலிருந்து சொன்னார். பக்தரின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அவர் மனைவி பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆங்... அதான் பாத்தேன். மூணு மூடி குடிச்சா போதும், எங்க மாமியார் பேசறது எல்லாம் நல்லதாவே கேக்குது" என்றாள்.

ஆர்.கே.பேட்டை தறிக்காரர்

செய்தி பரவியதும் சில பெண்கள் பொருட்காட்சி பார்க்க வரவில்லை; புருஷனைக் காட்ட வந்தார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்து தறி நெய்கிற ஒருவரை அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்து வந்து ஜூலிக்கு எதிரே நிறுத்தினாள். குடியை விட்டுவிட்டேன் என்று மலையில் சத்தியம் செய்து ஒரு வருஷம் ஆகிறதாம். அவளுக்கு நம்பிக்கை இல்லை. அந்த மனிதர் கைகட்டி, நீதிபதி முன்னால் நிற்பது போல நின்றார்.

ஜூலி அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கோணியில் நன்றாகப் படுத்துக்கொண்டு, அவர் பக்கம் பார்த்தபடியே வாலை ஆட்டியது. வரிசையில் கைதட்டல். மனைவிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "இன்னா, இப்பவாவது நம்புறியா? உங்க அண்ணனை நாளைக்கு இட்டாந்து நிறுத்தறேன், அப்ப தெரியும் சேதி" என்றார்.

பாவா

கிருத்திகை அன்று கூட்டம் தாங்கவில்லை. ராட்டினத்துக்கு மட்டும் வரிசை குழந்தைகள் ரயில் வரை நீண்டிருந்தது. ராட்டினத்தின் விசையைப் பிடித்து ஓட்டுகிறவர் முதலாளியின் அக்கா புருஷன். முதலாளி அவரை பாவா என்று கூப்பிடுவார். அதனால் எங்களுக்கும் அவர் பாவாதான். மத்தியானம் டீ குடிக்க வெளியே போன பாவா, என் வாசல் வழியாகத் திரும்பி வந்தார். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. ஜூலி உட்கார்ந்தது. முதுகைக் காட்டியது.

அவரை உள்ளே விட்டால் நூறு பேருடைய உயிர் அந்த விசையில். விடாவிட்டால் என் வேலை. ஆனாலும் கயிற்றைக் குறுக்கே பிடித்தேன். "இன்னாம்மா, என்னையே நிறுத்தறியா?" என்று பாவா சத்தம் போட, முதலாளி வந்தார். பாவாவை ஊதச் சொன்னார். கிராம்பும் ஏலக்காயும் வெற்றிலையும்தான் மணத்தன. "நாயிக்கு என்னைப் புடிக்கல தம்பி, அவ்ளோதான்" என்றார் பாவா. முதலாளி என் பக்கம் திரும்பினார். "மார்த்தாம்மா, இது எங்க அக்கா வூட்டுக்காரர். தப்பா இருந்தா நீ இப்பவே கிளம்பிக்கினே இருக்கணும்."

"சரிங்க. அஞ்சு பேரை வரிசையா நிக்க வையுங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். டிக்கெட் கொடுக்கிறவர், மின்சாரக்காரர், சோதனை போடுகிற முரட்டு ஆட்கள் இரண்டு பேர், நடுவில் பாவா. கயிற்றை ஒட்டி ஒவ்வொருவராக நடந்தார்கள். முதல் இருவருக்கு ஜூலி வாலை ஆட்டியது. பாவாவுக்கு முதுகு. அடுத்த இருவருக்கு முகத்தைத் திருப்பி மறுபடியும் வால். "தற்செயலா நடந்திருக்கும்" என்றார் பாவா. "இடம் மாறி வரச் சொல்லுங்க" என்றேன். அவரைக் கடைசியில் நிறுத்தி, வேறு சட்டையும் போடச் சொன்னார் முதலாளி. நான்கு பேருக்கு வால். ஐந்தாவது ஆளுக்கு முதுகு. வரிசையில் நின்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள். பாவா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டே கிளாஸ் தம்பி. கிராம்பு மென்னேன், ஏலக்காய் மென்னேன், நாலு வெத்தலை போட்டேன். எங்க வூட்டுக்காரிக்கே தெரிஞ்சிருக்காது" என்றார்.

மின்சாரக்காரருக்கு ராட்டினம் ஓட்டத் தெரியும். அவர் போய் விசையைப் பிடித்தார். ராட்டினம் சுற்றியது. பாவா கூடாரத்தில் படுத்துத் தூங்கினார். அன்று ராட்டினத்தை நிறுத்தும் வரை ஒருவரும் விழவில்லை, ஒரு புகாரும் வரவில்லை. பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள்கூட ஜூலியைத் தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கித்தான் போனார்கள். கடை கட்டும் முன் முதலாளி ஒரு பை நிறையப் பொறை வாங்கி வந்தார். அவரும் அன்று விரதம். மூன்று முழம் தள்ளி நின்றபடியே ஒவ்வொன்றாகக் கோணி மேல் போட்டார். நாங்கள் அடுத்த வருஷமும் உண்டா என்று நான் எப்படிக் கேட்பது? அவரே சொன்னார்: "இனிமே யாரை உள்ள விடறதுன்னு என்னைக் கேக்காத மார்த்தாம்மா. நானே வந்தாலும் அது திரும்பிக்கினா, கயித்தைக் குறுக்க புடி."

ஏழு ஆடி மாதம் அந்த வாசலில் நின்றேன். நான் வாய் திறந்து கேட்ட கேள்விகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம், மற்ற எல்லாவற்றையும் ஜூலி உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டது.