வெறும் கோப்பை

பக்கத்து வீட்டார் நோன்புக் கஞ்சி அனுப்பிய பீங்கான் கோப்பை நாலு நாளாக என் அடுப்படியில் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் உம்மாவின் குரல்தான்.

"வெறும் கோப்பையத் திருப்பிக் குடுக்கப்படா மகள்."

வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் உம்மா வேலியோரத்து முருங்கையிலையை உருவி நிரப்பி, துணியால் மூடி என்னிடம் தருவா. அடுத்த வீட்டு மாமியும், "அல்லாஹ்! இதத்தானே தேடின நான்" என்று வாங்கிக்கொள்வா.

மதில் கட்டும்போது அந்த முருங்கையை நானே வெட்டுவித்தேன். இப்போது அரிசிப் பானையிலும் ஒன்றுமில்லை.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு மருமகள் வாசலில் நின்றாள்.

"ராத்தா, எங்கட கோப்பை இரிக்கா?"

"அது உடைஞ்சி பெய்த்து புள்ள" என்றேன், நோன்போடு.

"அதுக்கென்ன ராத்தா" என்றவள், வீட்டுக்குப் போய் இன்னொரு கோப்பை நிறையக் கஞ்சியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.